இசைக்குப் பெயர் வைப்பவர் யார்?

(முதலமடையில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற பண்பாட்டு வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் மாதத்தில் கேரள அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் பகுதிகளை இனி ‘காலனி’ என்றோ, ‘சங்கேதம்’ என்றோ, ‘ஊரு’ என்றோ அழைக்கலாகாது. ‘நகர்’, ‘உன்னதி’, ‘பிரகிருதி’ போன்ற பெயர்களையோ, அப்பகுதி மக்கள் விரும்பும் வேறு பெயர்களையோ வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் வெற்றி பெற்று அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகும் வேளையில் கே. ராதாகிருஷ்ணன் பிறப்பித்த ஆணை அது.

ஆலத்தூர்த் தொகுதிக்குள் அடங்கும் முதலமடைக்கு இது எங்கோ நடந்த செய்தி அன்று. இவ்வூராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில், தமிழ் பேசும் சக்கிலியர் மக்கள் தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயடியிலும் தீண்டாமைக்கு உள்ளாவதாக 2017இல் வெளிவந்த செய்திகளைத் தோழர்கள் அறிவர். பெயரை மாற்றினால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா என்று ஆணையைக் கேலி செய்தவர்களும் உண்டு. வராதுதான். ஆயினும் ‘காலனி’ என்ற சொல் காதில் விழுந்த மறுகணமே, அங்கு வாழ்பவர் யார், என்ன தொழில் செய்பவர், அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா என்பதையெல்லாம் கேட்பவர் மனம் தீர்மானித்துவிடுகிறது. ஆளைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இசையிலும் இதுவே நிகழ்கிறது. எல்லையோர ஊர்களின் மாரியம்மன் திருவிழாக்களில் உறுமிக்கும் பறைக்கும் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய டிஜே வண்டி வருவது இன்று வழக்கமாகிவிட்டது. மாந்தோப்பில் பகலெல்லாம் மருந்தடித்தும் காய் பறித்தும் களைத்த இளைஞர்கள் அதன் முன் ஆடுகிறார்கள். அதைக் காணும் மூத்த தோழர்கள் சிலரிடமிருந்து உடனடியாக வருகின்ற சொல் ‘சீரழிவு’. உறுமி ‘மக்கள் கலை’, டிஜே ‘சீரழிவுக் கலை’. இரண்டையும் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகா இந்த முடிவு எட்டப்பட்டது? பெரும்பாலும் இல்லை. பெயரே முடிவைச் சொல்லிவிட்டது.

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்ற பாகுபாடு நினைவிருக்கும். இசை வகைகளின் பெயர்கள் காரணப் பெயர் போலத் தோற்றமளிக்கின்றன. ‘ஹவுஸ்’, ‘டெக்னோ’, ‘வேர்ல்டு மியூசிக்’, ‘இடிஎம்’ என்றெல்லாம் கேட்கும்போது, ஒலியின் இயல்பை ஆராய்ந்து அறிஞர் எவரோ இட்ட பெயர் என்று தோன்றும். உண்மையில் அவை கடைக்காரர் இட்ட குறி. சில வேளைகளில் காவலர் இட்ட குறி.

ஒரே தட்டு, இரண்டு பெயர்

மும்பையில் சரண்ஜித் சிங் என்றோர் இசைக் கலைஞர் வாழ்ந்தார். இந்தித் திரைப்பட இசைக் குழுக்களில் பாஸ் கிதாரும் மின்விசைப் பலகைகளும் வாசித்தவர். சங்கர் ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களிடம் பணியாற்றியவர். பாடலைக் கேட்டவர்கள் பாடகரை அறிவார்கள், இசையமைப்பாளரை அறிவார்கள். நாள்கூலிக்கு வந்து வாசித்துச் செல்பவரை அறியமாட்டார்கள். சரண்ஜித் சிங்கும் அப்படி அறியப்படாதவராகவே இருந்தார்.

1982இல் அவர் தம் பெயரில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகளே அதற்குப் போதுமாயிருந்தன: ஜூபிட்டர்-8 என்னும் சிந்தசைசர், டிஆர்-808 என்னும் தாளப் பொறி, டிபி-303 என்னும் பாஸ் பொறி. பைரவி, லலித், பூபாளி, தோடி, யமன், மால்கௌன்ஸ் முதலிய பத்து இந்துஸ்தானி இராகங்கள். அவற்றின் அடியில் இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் பொறித் தாளம். தபேலா இல்லை, பாடகர் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி டிபி-303இல் உண்டு. ஒரு சுருதியில் நின்று மெல்ல விரியும் இராகத்துக்கு அது இயல்பாகப் பொருந்தியது. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா தட்டை வெளியிட்டது. பத்து இராகங்கள் டிஸ்கோ தாளத்தில் என்ற பொருள்படும் தலைப்பு அட்டையில் இருந்தது.

அந்த ‘டிஸ்கோ’ என்ற ஒரு சொல் தட்டைக் கவிழ்த்துவிட்டது. 1980இல் ‘குர்பானி’ படத்தில் நாஜியா ஹசன் பாடிய பாடலும், 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ படமும் நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்த காலம். டிஸ்கோ தேடி வந்தவர்களுக்கு இதில் பாடலும் இல்லை, கதாநாயகனும் இல்லை. இராகம் கேட்பவர்களோ, அட்டையில் அந்தச் சொல்லைக் கண்டதும் விலகிச் சென்றிருப்பார்கள். தட்டு விற்கவில்லை, மறக்கப்பட்டது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1987இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த கருப்பின இளைஞர்கள் அதே டிபி-303 பொறியின் குமிழ்களைத் திருகி, நெளிந்து குழையும் ஓர் ஒலியை உண்டாக்கினார்கள். ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயர் பிறந்தது. ஐரோப்பாவில் அது ஒரு தலைமுறையின் இசையானது. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் தில்லியில் சரண்ஜித் சிங்கின் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அதை மறுவெளியீடு செய்தார். மேலைநாட்டு ஏடுகள் வியப்பில் ஆழ்ந்தன. ஆசிட் ஹவுஸைச் சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மும்பைக்காரர் ஒருவர் உருவாக்கிவிட்டார் என்று எழுதின. 1982இல் இந்தியாவில் இப்படி ஓர் ஒலி எழுந்திருக்கவே முடியாது, யாரோ இக்கால இசைக்கலைஞர் செய்த குறும்பு இது என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். அந்த ஐயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தட்டு மாறவில்லை. அதில் ஊசி ஓடும் தடமும் மாறவில்லை. அட்டையின் மீது கேட்பவர் மனம் ஒட்டிய பெயர்தான் மாறியது. ‘டிஸ்கோ’ என்றபோது அது மலிவுச் சரக்கு. ‘ஆசிட் ஹவுஸ்’ என்றபோது வரலாற்று ஆவணம். எழுபது வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார். ஆசிட் ஹவுஸ் என்ற சொல்லைத் தாம் அறிந்ததே இல்லை என்றும், திரைப்படமெங்கும் டிஸ்கோ மயமாக இருந்ததால் அதே தாளத்தில் வேறொன்று செய்து பார்க்கலாமே என்று எண்ணியதாகவும் அவர் எளிமையாகச் சொன்னார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இரண்டாவது பெயர் அவருக்குப் புகழ் தந்தது உண்மையே. எனினும் அதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று கேட்பவர் குறைவு. யாருக்கு முன்னால் செய்தார் என்று கேட்பவரே மிகுதி. மும்பையின் ஓர் உழைப்பாளி மேற்கின் வரலாற்றுக்கு முன்னுரையாக மாற்றப்பட்டால்தான் மதிக்கப்படுவாரா?

தொழிலாளர் இயக்கத்தினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. டிபி-303 பொறி, பாஸ் கிதார் வாசிப்பவரின் இடத்தை நிரப்புவதற்காக விற்பனைக்கு வந்தது. 1982இல் பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களுக்கும் தாளப் பொறிகளுக்கும் தடை கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. வேலை போகும் என்ற அந்த அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பொறி பாஸ் கிதாரைப் போல ஒலிக்கவே இல்லை, சந்தையில் தோற்றது, 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடந்த அதனைப் பணமில்லாத சிகாகோ இளைஞர்கள் வாங்கினார்கள். முதலாளியின் குப்பையிலிருந்து எழுந்த இசை என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

சிகாகோவில் எரிந்தது எது?

பெயர் ஒன்று வெறுப்பைத் திரட்டும் கொடியாகவும் ஆகும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ‘டிஸ்கோ அழிப்பு இரவு’ என்ற நிகழ்ச்சி நடந்தது. டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட் கட்டணத்தில் அனுமதி. வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் தலைமையில் தட்டுகள் குவிக்கப்பட்டு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அடுத்த ஆட்டம் நடக்கவில்லை.

அன்று அங்கு வருவோருக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கருப்பின இளைஞர். கொண்டுவரப்பட்ட தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல. கருப்பினப் பாடகர்களின் வேறு வகைப் பாடல்கள் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ‘டிஸ்கோ’ என்ற சொல்லுக்குள் அந்தக் கூட்டம் எதை அடைத்து வைத்திருந்தது என்பது இதனால் விளங்கும். டிஸ்கோ கருப்பின மக்களின், இலத்தீன் அமெரிக்கர்களின், தன்பால் ஈர்ப்பினரின் நடனக் கூடங்களில் வளர்ந்த இசை. அந்த மக்களை நேரடியாக இகழக் கூசியவர்களுக்கு ஓர் இசை வகையை இகழ்வது எளிதாயிற்று.

அந்த நகரிலேயே ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கில்ஸ் என்ற டிஜே, புறக்கணிக்கப்பட்ட அதே இசையைத் தாளப் பொறியோடு கலந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் ஒலிக்கும் இசை வேண்டும் என்று இசைத்தட்டுக் கடைகளில் கேட்டவர்களுக்காகப் பெயர் சுருங்கி ‘ஹவுஸ்’ ஆனது. 1984இல் அவ்வகையின் தொடக்கத் தட்டுகளுள் ஒன்றை உருவாக்கியவர்களில் மைதானத்தில் வேலை பார்த்த அந்த வின்ஸ் லாரன்ஸும் ஒருவர்.

டெட்ராய்ட் நகரின் கதை இன்னும் தெளிவானது. கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த அந்நகரின் சுற்றுப்புறத்தில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கருப்பின இளைஞர்கள் பொறிகளைக் கொண்டு இசையமைத்தார்கள். 1988இல் பிரிட்டனின் வர்ஜின் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு வெளியீட்டகம் அவர்கள் பாடல்களைத் தொகுத்தது. முதலில் அத்தொகுப்புக்கு எண்ணியிருந்த பெயர் டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை என்று பொருள்படுவது. சிகாகோவின் கிளைக் கடையாகத் தாங்கள் அறியப்படக் கூடாது என்ற உணர்வு அக்கலைஞர்களிடம் இருந்தது. அட்கின்ஸ் தந்த பாடலின் தலைப்பிலிருந்து ‘டெக்னோ’ என்ற சொல் எடுக்கப்பட்டது. இசைத்தவர்களே தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட அரிய நிகழ்வு இது. ஆனால் இன்று டெக்னோ என்றால் உலகம் முதலில் நினைப்பது பெர்லினை. பெயரைத் தாமே சூட்டினாலும், சந்தை கையில் இல்லாதவரிடம் பெயர் தங்குவதில்லை.

கடை வைத்த பெயர், காவல் வைத்த பெயர்

அமெரிக்க இசைத் தொழிலில் கருப்பின மக்களின் இசைக்கு 1920களிலிருந்து ‘இனத் தட்டுகள்’ என்ற பொருள்படும் பெயரே வழங்கியது. 1949இல் ‘பில்போர்டு’ ஏட்டின் ஜெர்ரி வெக்ஸ்லர் அதை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றினார். பட்டியலின் பெயர் நாகரிகமானது. பட்டியல் தனியாகவே நீடித்தது. 1987இல் லண்டனின் ஒரு மதுக்கூடத்து மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடினார்கள். ஆப்பிரிக்க, ஆசிய இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதே அவர்கள் சிக்கல். ‘வேர்ல்டு மியூசிக்’ என்ற பெயர் அந்த அலமாரிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள்தாம். எனினும், உலக மக்கள்தொகையில் பெரும்பகுதியினரின் இசை ஒரே அலமாரிக்குள் அடைக்கப்பட்டது. கிராமி விருதுக் குழு 2020இல்தான் அச்சொல்லைக் கைவிட்டு ‘குளோபல்’ என்று மாற்றிக்கொண்டது. அலமாரி அதேதான்.

‘இடிஎம்’ என்பதும் இவ்வரிசையில் சேர்ந்த சொல்லே. மின்னணு நடன இசை என்ற பொருளில் முன்பே வழங்கிய இச்சொல், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நிகழ்ச்சி நிறுவனங்களின் விற்பனைப் பெயராயிற்று. கருப்பின நடனக் கூடங்களின் நினைவு அதில் இல்லை. அரங்கு, ஒளி, மதுபான விளம்பரம், நுழைவுச் சீட்டு ஆகியவையே இருந்தன. இந்த அலையில் நிறுவனங்களை வாங்கிக் குவித்த எஸ்எஃப்எக்ஸ் என்ற குழுமம் 2013இல் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது; 2016இல் திவாலாகி நின்றது. இந்தியாவில் 2007இல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் விழாவின் வழியாகவே பலருக்கு இந்தச் சொல் அறிமுகமாயிற்று. ஆகவேதான் இங்குள்ள நடுத்தர வர்க்க இளைஞருக்கு ‘இடிஎம்’ என்பது உயர்ந்த வாழ்வின் அடையாளம். அதே பொறியும் அதே தாளமும் மாரியம்மன் கோயில் வீதியில் வண்டியேறி வந்தால் அவருக்கே அது ‘லோக்கல்’.

அரசு சூட்டும் பெயர் இன்னும் கடுமையானது. 1992 மே மாதத்தில் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் பொதுவெளியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கட்டணமின்றிக் கூடி நாட்கணக்கில் ஆடினார்கள். அதன் பிறகு, 1994இல் ஜான் மேஜரின் பழமைவாதக் கட்சி அரசு ஒரு குற்றவியல் சட்டம் இயற்றியது. திறந்தவெளியில் இரவில் ஆடுவதற்குக் கூடும் 100 பேருக்கு மேற்பட்ட கூட்டத்தைக் கலைக்கக் காவல் துறைக்கு அதிகாரம் தந்தது. எந்த இசை என்று வரையறுக்க வேண்டியிருந்ததால், அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒலிகளும் அதில் அடங்கும் என்று எழுதினார்கள். ஒரு நாடாளுமன்றம் தாளத்தையே சட்டத்தில் ஏற்றிவிட்டது. ஆட்டெக்கர் என்ற இசைக் குழு அதை எதிர்த்து ஒரு தட்டை வெளியிட்டது. அதில் ஒரு பாடலின் தாளம் எங்குமே திரும்ப வராதபடி அமைக்கப்பட்டிருந்தது. அதை ஒலிக்கவிடும் டிஜேக்கள் அருகில் ஒரு வழக்குரைஞரையும் ஓர் இசை அறிஞரையும் வைத்துக்கொள்வது நலம் என்று அட்டையில் அறிவுரையும் இருந்தது!

அந்த வரையறையை நெம்மாறா வல்லங்கி வேலையில் நின்று படித்துப் பாருங்கள். செண்டை மேளம் முழுவதும் குற்றமாகிவிடும்.

பாண்டியும் பஞ்சாரியும் குத்தும்

செண்டை மேளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வரும். மரபுப்படி பஞ்சாரி மேளம் கோயில் மதிலுக்கு உள்ளே, பாண்டி மேளம் மதிலுக்கு வெளியே. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளம் பாண்டியாக இருந்தும் வடக்குந்நாதன் கோயிலுக்குள் ஒலிப்பது விதிவிலக்காகப் பேசப்படுகிறது. கருவி ஒன்று, இசைப்பவரும் ஒருவரே, தாளக் கணக்கும் பெயரும் மாற, நிற்கும் இடமும் மாறுகிறது. ‘பாண்டி’ என்ற சொல் இம்மாநிலத்தில் தமிழரை ஏளனமாக அழைக்கவும் பயன்படுவதை எல்லையோரத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் நிலை இதுதான். சபாக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் கடைசியில் பாடும் ‘துக்கடா’வாக ஒதுக்கப்பட்டதை எதிர்த்தே 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. அந்த இயக்கத்தின் மேடையிலும் பறைக்கு இடம் தேட வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இதே பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, 2020இல் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தம் மொழியில் பாடினார். 2022 ஜூலையில் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. இசைக்கே வாழ்நாளை அளித்துப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது அவமதிப்பாகாதா என்று இசைக் கலைஞர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். ஆடு மேய்த்துக்கொண்டே தலைமுறைகளாகக் கற்றுவந்தது பயிற்சி ஆகாது என்பதே இதன் பொருள். ‘பழங்குடிப் பாட்டு’ என்ற தலைப்பின் கீழ்ச் சிறப்பு விருது என்றால் எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தனக்கென ஒதுக்கப்பட்ட அலமாரியை விட்டு அவர் வெளியே வந்ததுதான் குற்றம்.

மின்னணு நடன இசை என்று தமிழில் தேடினால் கைக்குக் கிடைப்பது ‘குத்து’. பறை, உறுமி, தவில் முதலியவற்றின் அடிகள் திரைப்படத்துக்குள் நுழைந்து, இப்போது பெரும்பாலும் கணினியில் கோக்கப்பட்டு வெளிவருகின்றன. இளையராஜா இசையமைத்து 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ காலத்தில் ‘கம்ப்யூட்டர் இசை’ என்பது வியப்புக்குரிய விளம்பரச் சொல். இன்று கணினியில்லாத திரையிசையே அரிது. அப்படியிருந்தும் குத்துப் பாடலை எவரும் மின்னணு இசை என்று அழைப்பதில்லை. அந்த மதிப்புமிக்க பெயர் ஆங்கிலம் பேசும் அரங்கங்களுக்கு என ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான பயணம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1986இல் அகதியாக லண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் புகழ்பெற்றவர். 2007இல் வெளிவந்த ‘கலா’ என்ற அவரது இசைத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. உறுமி அடிப்பவர்கள் அதில் வாசித்தார்கள். ‘பேர்ட் ஃபுளூ’ பாடலில் அந்த உறுமியே முதுகெலும்பு. மேலைநாட்டுத் திறனாய்வாளர்கள் அதைத் துணிச்சலான சோதனை என்று போற்றினார்கள். சென்னையில் அதே உறுமியைச் சாவு ஊர்வலத்தில் அடித்தால் ‘சாவுக் கூத்து’. லண்டன் தட்டில் ஏறினால் ‘சோதனை இசை’. அமெரிக்கக் கடையில் ‘வேர்ல்டு மியூசிக்’. அடித்த கை ஒன்றுதான். அந்தக் கைக்குச் சேர்ந்த கூலி எவ்வளவு என்பதை எந்த வகைப் பெயரும் சொல்வதில்லை.

இடதுசாரிகளின் அலமாரி

இதுவரை சொன்னவை சந்தையின் பிழை, அரசின் பிழை, மேட்டுக்குடியின் பிழை. இடதுசாரி இயக்கத்திடமும் ஓர் அலமாரி இருந்திருக்கிறது.

1922இல் சோவியத் பொறியாளர் லெவ் தெரமின், தொடாமலே கையசைவால் இசைக்கும் ஒரு மின்னணுக் கருவியைக் கிரெம்ளினில் லெனினுக்கு இயக்கிக் காட்டினார். லெனின் அதைக் கேட்டதோடு நிற்கவில்லை. தாமே வாசித்துப் பார்த்தார். நாட்டை மின்மயமாக்கும் திட்டத்தில் மூழ்கியிருந்த தலைவர், மின்சாரம் பாடுவதை ஐயத்தோடு நோக்கவில்லை. உலகின் தொடக்க கால மின்னணு இசைக் கருவிகளுள் ஒன்று புரட்சியின் மண்ணில் பிறந்தது. எனவே மின்னணு இசை என்றாலே ஏகாதிபத்தியப் பண்பாடு என்னும் வாதம் அடிப்படையிலேயே தவறு.

அதே நாட்டில் 1948 பிப்ரவரியில், முராதெலியின் இசை நாடகம் ஒன்றை முன்னிட்டு மத்தியக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. ஷோஸ்டகோவிச், புரோக்கோஃபியேவ், கச்சதூரியன் முதலிய இசையமைப்பாளர்கள் மீது ‘வடிவவாதம்’ என்ற பெயர் சுமத்தப்பட்டது. பெயர் விழுந்த மறுநாளே அவர்கள் படைப்புகள் அதுவரை ஒலித்தது போல் ஒலிக்கவில்லை போலும்! பத்தாண்டுகள் கழித்து, 1958 மே மாதத்தில், அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்று கட்சியே திருத்திக்கொண்டது. திருத்தம் வருமுன்பே புரோக்கோஃபியேவ் இறந்துவிட்டார். பெயர் சூட்டுவது ஒரு நாள் வேலை. அதைக் கழற்றப் பத்தாண்டுகள் ஆயின.

இந்திய இடதுசாரிகளிடம் மேலான முன்மாதிரிகள் உள்ளன. இப்டாவில் உருவான சலீல் சௌத்ரி, வங்க நாட்டுப் பாடல்களையும் மேற்கத்திய ஒத்திசையையும் தயக்கமின்றிக் கலந்தவர். அவரே 1965இல் ‘செம்மீன்’ படத்துக்கு இசை தந்து மலையாளிகளின் கடலோரத்துக்கும் சொந்தமானார். தமிழரான எம்.பி. சீனிவாசன் மலையாளத் திரையிசையில் தனி இடம் பெற்றவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்தவர். இவற்றைவிட முக்கியமானது, திரைப்பட இசைக் கலைஞர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டுவதில் அவர் முன்னின்றது. சரண்ஜித் சிங்கைப் போன்ற பெயரற்ற வாசிப்பாளர்களின் கூலியையும் வேலை நேரத்தையும் பேசுபொருளாக்கிய பணி அது. எந்த வகை இசை என்று கேட்பதற்கு முன் வாசித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்ட கம்யூனிஸ்ட் அவர்.

டிஜே வண்டியை அப்படியே போற்ற வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. திருவிழா இசையில் சாதிப் பெருமை பேசும் பாடல்கள் ஒலிக்கின்றன. பெண்களை இழிவு செய்யும் வரிகள் ஒலிக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லி, பாடல் சொல்லி எதிர்க்க வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அந்த விதி தேவை. ஆனால் அது மேல்சாதித் தெருவின் வேலைக்கும் கீழ்த்தெருவின் திருவிழாவுக்கும் ஒரே அளவுகோலில் செயல்படுத்தப்படுகிறதா என்பதைக் கட்சிக் கிளை கண்காணிக்க வேண்டும். ஒன்றை ‘பாரம்பரியம்’ என்று விட்டுவிட்டு மற்றொன்றை ‘டிஜே தொல்லை’ என்று பறிமுதல் செய்தால், அங்கே டெசிபலை அளப்பது கருவி ஆகாது, பெயர்தான் அளக்கிறது.

பொறிக்கு வேலை இழந்தவர்கள் பற்றிய கேள்வியும் மீதமிருக்கிறது. ஒரு டிஜே வண்டி வருவதால் உறுமி அடிப்பவர் எத்தனை பேருக்கு அந்த நாள் கூலி போகிறது? வண்டியில் பெட்டி தூக்கும் இளைஞருக்கு எவ்வளவு கிடைக்கிறது? வண்டிக்கும் பெட்டிக்கும் உடைமையாளர் யார்? இவையே கிளைக் கூட்டத்தில் விவாதிக்கத் தக்க கேள்விகள். ‘சீரழிவு’ என்று சொல்லிவிட்டால் இக்கேள்விகளுள் ஒன்றுகூட எழாது. அடித்தவரும் ஆடியவரும் பெட்டி தூக்கியவரும் ஒருசேர நம்மைவிட்டு விலகிப் போவார்கள்.

உரையின் முடிவில் இளம் தோழர் ஒருவர், கட்சியின் கலைநிகழ்ச்சியில் டிஜே வைக்கலாமா என்று வினவினார். வைக்கலாம், உறுமிக் குழுவோடு சேர்த்து ஒரே மேடையில் வைக்கலாம் என்று பதில் தரப்பட்டது. எப்போது எது ஒலிக்க வேண்டும் என்பதை இரு தரப்பினரும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். இருவருக்கும் கூலி முன்கூட்டியே பேசப்படட்டும். சுவரொட்டியில் பேச்சாளர்களின் பெயர்களை மட்டும் பெரிதாக அச்சிட்டுக் கலைஞர்களை ‘கிராமிய இசைக் குழுவினர்’ என்ற ஒற்றை வரியில் முடிக்கும் வழக்கத்தை விட்டு, உறுமி அடிப்பவர், பறை அடிப்பவர், பொறியை இயக்குபவர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிட வேண்டும். இடம் போதவில்லையென்றால் பேச்சாளர் பட்டியலைச் சுருக்கலாம்.